குரோம் முலாம் பட்டறையைத் தேர்வு செய்வது எப்படி? பளபளப்புக்கு அடியில் கவனிக்க வேண்டியவை

கொல்கத்தா: மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் உள்ள இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் அம்பாசடர் கார் உற்பத்தி 2014-ஆம் ஆண்டு மே மாதம் நிறுத்தப்பட்டது. அதன் பின்னர், இக்காரின் அசல் உதிரி பாகங்கள் அரிதாகி வருகின்றன. இதனால் துருப்பிடித்த பம்பர், கிரில் ஆகியவற்றுக்கு மீண்டும் குரோம் முலாம் பூசுவதையே உரிமையாளர்கள் பலர் நாடுகின்றனர். இப்பணியில் பட்டறை தவறிழைத்தால், இழந்த பாகத்துக்கு ஈடு கிடைப்பது கடினம்.

குரோம் முலாம் என்பது ஒரே பூச்சு அல்ல. பழைய முலாமை அகற்றி, நெளிவுகளைச் சீராக்கி, மெருகேற்றிய பின்னர் செம்பு, நிக்கல், குரோமியம் ஆகியவை அடுத்தடுத்துப் படியச் செய்யப்படுகின்றன. மேலே உள்ள குரோமியம் பொதுவாக ஒரு மைக்ரானுக்கும் குறைவான தடிமன் கொண்டது. துருவைத் தடுக்கும் முக்கியப் பணி அதன் அடியில் உள்ள நிக்கல் அடுக்கினுடையது. நிக்கலைக் குறைத்துப் பூசினாலும், பாகத்தைத் திரும்பப் பெறும் நாளில் பளபளப்பில் வேறுபாடு தெரியாது. கொல்கத்தாவின் ஈரமான காற்றில் ஓரிரு மழைக்காலங்கள் கடந்த பின்னரே துருப்புள்ளிகள் தோன்றும்.

எனவே, பழைய முலாம் முழுமையாக அகற்றப்படுமா, நிக்கல் எத்தனை மைக்ரான் பூசப்படும் என்பனவற்றை எழுத்துப்பூர்வமாகப் பெறுவது நல்லது. இவ்வகை முலாமுக்கு ஐஎஸ் 1068 என்ற இந்தியத் தர நிர்ணயம் உள்ளது. துத்தநாகக் கலவையில் வார்க்கப்பட்ட கைப்பிடிகளை அமிலம் எளிதில் அரித்துவிடும் என்பதால், அத்தகைய பாகங்களில் பட்டறைக்கு அனுபவம் உள்ளதா என்பதையும் அறிய வேண்டும்.

கழிவுநீர் எங்கே செல்கிறது என்பது மற்றொரு முக்கியக் கேள்வி. முலாம் தொட்டிகளில் பயன்படும் அறுமதிப்புக் குரோமியம் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியுள்ளது. முலாம் பட்டறைகளின் கழிவுநீரில் அதன் அளவு லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என இந்திய விதிகள் கூறுகின்றன. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவும் தேவை. சுத்திகரிப்புச் செலவைத் தவிர்க்கும் பட்டறை மலிவாகச் செய்து தரலாம். அதன் பாதிப்பு தொழிலாளர்களையும் அக்கம்பக்கத்தாரையும் சேரும்.

பாகங்களை ஒப்படைக்கும் முன் புகைப்படம் எடுத்து, திருகாணிகள் வரை எண்ணி ரசீது பெற வேண்டும். முதலில் ஒரு சிறிய பாகத்தை மட்டும் கொடுத்துச் சோதிப்பது பாதுகாப்பானது. திரும்பப் பெறும்போது பகல் வெளிச்சத்தில் உள்மடிப்புகளையும் குழிவான இடங்களையும் பார்க்க வேண்டும். மின்னோட்டம் அங்கே குறைவாகச் செல்வதால், முலாம் மெலிந்து துரு முதலில் தலைகாட்டுவது பெரும்பாலும் அவ்விடங்களில்தான் என்பது குறிப்பிடத்தக்கது.