எரிந்த ஏடுகளும் எஞ்சிய பெயர்களும்

நம் பாட்டனாரின் பெயரை நாம் அறிவோம். அவருடைய பாட்டனாரின் பெயரைக் கேட்டால் நம்மில் பெரும்பாலோர் விழிப்போம். அரசர்களின் வமிசத்தைச் சொல்லக் கல்வெட்டும் செப்பேடும் உண்டு. உழுதுண்டு வாழ்ந்த குடியானவனின் பெயரை எழுதி வைத்தவர் யார்? மேல்நாடுகளில் இவ்வினாவுக்கு விடை தேடுவோர் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளைப் புரட்டுகின்றனர். அத்தேடலின் அருமையையும் அவதியையும் அறிய அயர்லாந்து நாட்டின் கதை ஒன்றே போதும்.

அங்கே 1821 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுத்தனர். 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்க, கொடும் பஞ்சம் மூண்டது. ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மடிந்தனர். அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறிப் பிறநாடு சென்றனர். 1851-ஆம் ஆண்டின் படிவத்தில், வீட்டில் இருப்போரின் பெயர்களோடு, முந்தைய பத்தாண்டில் அவ்வீட்டில் இறந்தோரின் பெயர்களையும் எழுத இடம் இருந்தது. பஞ்சத்தில் மாண்ட ஏழைகள் பலருக்கு அந்தத் தாளே கல்லறைக் கல்லாயிற்று எனலாம்.

அந்தோ! அவ்வேடுகள் இன்று இல்லை. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின்போது, டப்ளின் நகர அரசாங்க ஆவணக் காப்பகம் வெடித்துத் தீக்கிரையாயிற்று. 1821 முதல் 1851 வரையிலான ஏடுகள், சிற்சில பகுதிகள் நீங்கலாக, சாம்பலாயின. 1861, 1871 ஏடுகளை அரசாங்கமே முன்னர் அழித்துவிட்டது. 1881, 1891 ஏடுகள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாயின. முழுமையாக எஞ்சியவை 1901, 1911 ஏடுகளே. அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகம் இவற்றை இணையத்தில் கட்டணமின்றிக் காண வைத்துள்ளது.

பெயர், குடும்பத் தலைவருக்கு உறவு, வயது, சமயம், தொழில், எழுத்தறிவு, பிறந்த மாவட்டம் ஆகியன அவற்றில் உண்டு. 1911-இல் மணமான பெண்களிடம் பிறந்த பிள்ளைகள் எத்தனை, உயிரோடிருப்போர் எத்தனை என்றும் கேட்டனர். ஒன்பது என்று எழுதி, அடுத்த கட்டத்தில் ஐந்து என்று எழுதியிருந்தால், இடையில் நிற்பது ஒரு தாயின் கண்ணீரன்றோ!

ஆயினும் ஏட்டில் உள்ளதை எல்லாம் அப்படியே நம்புதல் ஆகாது. 1901-க்கும் 1911-க்கும் இடையில் பத்து வயதுக்கு மேல் கூடியவர்கள் பலர்! 1908-ஆம் ஆண்டுச் சட்டப்படி 70 வயதானோர்க்கு ஓய்வூதியம் கிடைத்தது. பிறப்புச் சான்று இல்லாத முதியோருக்காக 1841, 1851 ஏடுகளில் தேடி வயதைக் குறித்தனர். மூல ஏடுகள் எரிந்த பின்னும் அக்குறிப்புத் தாள்கள் தப்பிப் பிழைத்தன.

மேலும் பின்னோக்கிச் செல்ல விரும்புவோர்க்குக் கைகொடுப்பவை பங்குப் பதிவேடுகள். ஆங்கிலிக்கன் ஆலயங்களின் பதிவேடுகள் பல டப்ளின் காப்பகத்தில் சேர்க்கப்பட்டு, அங்கேயே எரிந்தன. கத்தோலிக்கப் பதிவேடுகளோ பங்குகளிலேயே இருந்ததால் தப்பின. ஏறத்தாழ 1880 வரையிலான அவற்றின் படங்களை அயர்லாந்து தேசிய நூலகம் 2015-இல் இணையத்தில் வெளியிட்டது. ஞானப் பெற்றோர் பெரும்பாலும் உறவினராதலால், அவர்தம் பெயர்களும் தேடுவோர்க்கு வழிகாட்டுகின்றன.

நம் நாட்டின் நிலை வேறு. 1948-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டப்படி, தனியார் விவரங்கள் அடங்கிய ஏடுகளைப் பொதுமக்கள் பார்வையிட இயலாது. எனவே நமக்குப் பங்கின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளே முதல் துணை. திருமணப் பதிவேடு வைக்கும்படி திரிதெந்தின் பொதுச்சங்கம் 1563-இலேயே பங்குக் குருக்களைப் பணித்தது.

அப்பதிவேடுகளுக்கு நெருப்பு மட்டுமே பகையன்று. கறையானும் ஈரமும் போதும். அவற்றைப் பேணும் பணியில் பங்குத்தந்தைக்குத் தோள் கொடுப்போம். வீட்டு முதியோரை இன்றே அணுகி, முன்னோரின் பெயர், பிறந்த ஊர், ஞானஸ்நானம் பெற்ற ஆலயம் ஆகியவற்றைக் கேட்டு எழுதி வைப்போம். மரித்தோர்க்காகச் செபிக்கும் குடும்பம், அவர்தம் பெயர்களையும் அறிந்து செபிப்பது எத்துணை நன்று!