டிடிசி மண்டபமும் துங்குவும்: ஒரு தலைவரை எப்படி எடை போடுவது?

மலாயாப் பல்கலைக்கழகத்தில் பட்டமளிப்பு விழா நடக்கும் மண்டபத்தை மாணவர்கள் 'டிடிசி' என்பார்கள். முழுப்பெயர் டேவான் துங்கு சான்சலர். அந்தத் துங்கு, நாட்டின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான். 1962-ல் இப்பல்கலைக்கழகத்தின் முதல் வேந்தரும் அவரே. சுங்கை லோங்கில் உள்ள யூதாரும் அவர் பெயரில்தான் இயங்குகிறது.

மாணவர்கள் அவரை எதிர்த்தார்களா?

ஆமாம், அதே வளாகத்திலேயே. 1969 மே 13 கலவரத்துக்குப் பிறகு, அவர் பதவி விலக வேண்டும் என்று மலாய் மாணவர்கள் ஆர்ப்பாட்டம் செய்தனர். சீனர்களுக்கு அதிகம் விட்டுக்கொடுத்தார் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. 1970 செப்டம்பரில் அவர் விலகினார்.

நம்ம ஆளுங்களுக்கு என்ன செய்தார்?

இரண்டு பக்கமும் உண்டு. 1957 அரசியலமைப்பு, மெர்டேக்கா முதல் இங்கே பிறக்கும் பிள்ளைகளுக்குக் குடியுரிமை தந்தது. மற்றவர்கள் விண்ணப்பிக்கவும் வழி இருந்தது.

ஆனால் தோட்டங்களில் பலர் விண்ணப்பிக்கவே இல்லை. 1968-ல் அவரது அரசாங்கம் கொண்டுவந்த சட்டப்படி, குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் வேண்டும். 1969-க்குப் பிறகு ஆயிரக்கணக்கான தமிழர்கள் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள்.

இசா சட்டம்?

விசாரணை இல்லாமல் தடுத்துவைக்கும் அந்தச் சட்டம் 1960-ல், அவர் காலத்தில்தான் வந்தது. 1987 ஓப்பராசி லாலாங்கில் அதே சட்டத்தில் 100-க்கும் அதிகமானோர் கைதானபோது, அவர் எதிர்த்தார். அவர் பத்தி எழுதிவந்த 'தி ஸ்டார்' நாளிதழின் உரிமமும் அப்போது பறிக்கப்பட்டது.

அப்போ பெயரை எடுக்கணுமா?

சில நாடுகளில் எடுத்திருக்கிறார்கள். கேப் டவுன் பல்கலைக்கழகம் 2015-ல் ரோட்ஸ் சிலையையும், கானா பல்கலைக்கழகம் 2018-ல் காந்தி சிலையையும் அகற்றின.

முடிவெடுக்கும் முன் மூன்று கேள்விகள் உதவும். எதற்காக அந்தப் பெயர் வைக்கப்பட்டது? அவர் முடிவுகளால் யார் வாழ்ந்தார்கள், யார் இழந்தார்கள்? தவறைப் பிறகு உணர்ந்தாரா?

டிடிசிக்குப் பெயர் வந்தது அவர் வேந்தராக இருந்ததால். அதை வைத்துக்கொண்டே 1968 சட்டத்தைப் பற்றியும் பேசலாம். ஒன்று மற்றொன்றைத் தடுக்காது. பெயர்ப்பலகை அதைச் சொல்லாது. உங்க தாத்தா பாட்டியிடம் கேளுங்கள்: 1969-ல் அவர்கள் ஐசி நீலமா, சிவப்பா?