சவாரித் தம்பரை வரைந்தவர்

சிரித்திரன் சுந்தர் (சி. சிவஞானசுந்தரம், 1924–1996)

கரவெட்டிக்காரர். பம்பாய்க்குப் படிக்கப் போன இடத்தில் கேலிச்சித்திரம் அவரைப் பிடித்துக்கொண்டது. ஊர் திரும்பியபின் ‘தினகரன்’ நாளிதழில் வரைந்த சவாரித் தம்பர், சுந்தரின் பெயரை வீடுவீடாகக் கொண்டுபோனார். மாட்டுவண்டிச் சவாரிப் பித்தரான தம்பரை அறியாத யாழ்ப்பாண வாசகர் அன்று அரிது.

தமிழகத்து இதழ்கள் கடைகளை நிறைத்திருந்த காலம் அது. அவற்றுக்கு நடுவேதான் 1960களில் சுந்தர் கொழும்பில் ‘சிரித்திரன்’ நகைச்சுவை இதழைத் தொடங்கினார். பின்னர் அது யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவந்தது. சின்னக்குட்டி, மைனர் மச்சான், மெயில்வாகனத்தார், கொழும்பு நாகரிகத்தில் மிதக்கும் மிஸிஸ் டாமோடிரன் என ஒரு பாத்திரக் கூட்டமே அதில் குடியேறியது. போலிக் கௌரவமும் சீதனப் பேரமும் இவர்கள் வாயால் அம்பலமாகின. எவரையும் புண்படுத்தாமல் குத்துவது எளிதன்று. சுந்தருக்கு அது கைவந்தது.

இவர்கள் பேசுவது நம் முற்றங்களிலும் சந்தைகளிலும் கேட்கிற தமிழ். ஆகவே படங்களின் வசனத்தை வாய்விட்டு வாசியுங்கள். பாதிச் சிரிப்பு உச்சரிப்பில்தான் இருக்கிறது. (பக்கத்தில் நிற்பவர் திரும்பிப் பார்த்தால் பரவாயில்லை.)

படம் வரைந்த அதே கை ‘மகுடி’ என்ற பெயரில் வாசகர் கேள்விகளுக்குப் பதிலும் எழுதியது. இதழ் வந்ததும் அந்தப் பக்கத்தையே முதலில் புரட்டியவர்கள் உண்டு.