பழைய பேப்பரில் பாய்லர் கட்டை: எதை எரிக்கலாம், எதை எடைக்குப் போடணும்?

பீளமேட்டுப் பக்கம் பழைய வீடுகள்ல சுடுதண்ணி பாய்லர் இன்னும் இருக்கு. தேங்கா தொட்டி, சுள்ளியோட பேப்பரையும் கசக்கி உள்ள போடுவோம். பேப்பர் குப்புன்னு எரிஞ்சு அடங்கிரும், தண்ணி சுடாது. அதையே கட்டையா அழுத்திக் காயவெச்சா நின்னு எரியுமுங்க.

ஆனா நல்ல நியூஸ்பேப்பரை எரிக்காதீங்க. எடைக்குப் போடுங்க. கரூர் மாவட்டம் புகளூர் டிஎன்பிஎல் காகித ஆலையில, பழைய பேப்பர்ல மையை நீக்கிக் கூழாக்குற பிரிவே இருக்கு. அது திரும்பப் பேப்பராகட்டும். நனைஞ்சது, தூள்தூளாக் கிழிஞ்சதுன்னு கடைக்காரர் வேண்டாங்கறது மட்டும்தான் நம்ம சரக்கு.

கிழிச்சு பக்கெட்ல ரெண்டு மூணு நாள் ஊறவெச்சுப் பிசையுங்க. இட்லி மாவுப் பதம் வரணும். மரக்கடைத் தூளோ, பொள்ளாச்சிப் பக்கத்து நார்க்கழிவோ கூழுக்குப் பாதி சேர்க்கலாம். ஓட்டை போட்ட பிவிசி பைப்ல அடைச்சு, நடுவுல குச்சி நிறுத்தி அழுத்துங்க. தண்ணி வடிஞ்சதும் குச்சியை உருவுனா நடுவுல ஒரு துளை இருக்கும். காயவும் எரியவும் அந்த வழியாத்தான் காத்து போகுது.

பசை எதுவும் வேண்டாமுங்க. மில் பாய்லருக்குப் போற பிரிக்கெட்டுல, பெரிய மெஷினோட அழுத்தத்துலயும் சூட்டுலயும் மரத்தூள்ல இருக்கற லிக்னின் இளகி ஒட்டுது. அந்த அழுத்தம் நம்ம வீட்டுல வராது. இங்க ஊறின பேப்பர் நார் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் காயுறதுதான் பிடிமானம்.

காயவைக்கறதுலதான் எல்லாமே இருக்கு. கட்டையில தங்குற ஒவ்வொரு லிட்டர் தண்ணியும் ஆவியாக சுமார் 600 கிலோகலோரி தின்னுரும். மிச்சம் பொகைதான். பங்குனி, சித்திரை வெயில்ல செஞ்சு அடுக்கி வெச்சுக்கங்க. ஐப்பசி மழையில இந்த வேலையே வேண்டாம். உடைச்சுப் பார்த்து உள்ள ஈரம் இல்லைன்னா மட்டும் எரிங்க.

பேப்பர் கப்புல உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு இருக்கு. ஏடிஎம் சீட்டுல ரசாயனப் பூச்சு. இது ரெண்டும் கூடவே கூடாது. வழுவழு பத்திரிகைத் தாள்ல களிமண் பூச்சு, சாம்பலாத்தான் நிக்கும். அதையும் தவிர்த்துருங்க.

கட்டையோட கங்கு ரொம்ப நேரம் கனியும். அதுல வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. பாய்லர் குளியலறைக்குள்ள இருந்தா, தயவுசெஞ்சு இன்னைக்கே வெளிய எடுத்து வெச்சிருங்க.