திருடன் கையில் தபால் பை

கப்பல் நங்கூரம் போட்டதும் படகில் விரைந்து போய் ஏறினால் போதும். "அந்த இன்னார் நான்தான்" என்று சொல்லி அடுத்தவர் பெயருக்கு வந்த கடிதத்தையும் பார்சலையும் வாங்கிக்கொண்டு போய்விடலாம். கேட்பாரில்லை. 1809 வரை சிட்னியில் தபால் பட்டுவாடா நடந்த லட்சணம் இதுதான்.

கேடிகல் பழங்குடியினரின் மண்ணில், பிரிட்டன் தன் கைதிகளைக் கொண்டுவந்து இறக்க 1788-ல் உருவாக்கிய ஊர் அது. இங்கிலாந்திலிருந்து அடுத்த கப்பல் வந்து சேரவே ஏறக்குறைய இரண்டரை ஆண்டுகள் ஆயின. 1790 ஜூனில் வந்த 'லேடி ஜூலியானா' கொண்டுவந்த கடிதங்களுக்காக அதிகாரிகளே அடித்துக்கொள்ளாத குறை. பிறகு கப்பல்கள் பெருகின. கல்கத்தாவிலிருந்தும் சரக்கு வந்தது. ஆனாலும் ஊரிலிருந்து ஒரு கடிதம் வர மாதக்கணக்கில் ஆகும். அது களவு போனால், மீண்டும் எழுதிப் பதில் பெற ஓராண்டுக்குக் குறையாது. தாய் இருக்கிறாளா, போய்விட்டாளா என்பதைக்கூட அதுவரை தெரிந்துகொள்ள முடியாது.

புகார்கள் குவியவே, 1809 ஏப்ரலில் கர்னல் வில்லியம் பேட்டர்சனின் நிர்வாகம் ஓர் உத்தரவு போட்டது. இனி ஒரே ஆள்தான் கப்பலேறித் தபாலை வாங்குவார். அந்த ஆள், ஐசக் நிக்கல்ஸ்.

வேடிக்கை என்னவென்றால், நிக்கல்ஸே திருட்டுக் குற்றத்துக்காக ஏழாண்டு தண்டனை பெற்று 1791-ல் அங்கே வந்தவர். தண்டனை முடிந்து நிலம், சாராயக்கடை என்று தலையெடுத்த நேரத்தில், 1799-ல் திருட்டுப் புகையிலை வாங்கியதாக மீண்டும் வழக்கு. 14 ஆண்டு தண்டனை. சாட்சிகள் பொய் சொல்கிறார்கள் என்று சந்தேகித்த கவர்னர் ஹண்டர் அதை நிறுத்திவைத்தார். பின்னர் விடுதலை கிடைத்தது.

அவரை நியமித்த நிர்வாகத்தின் யோக்கியதையும் சுமார்தான். 1808-ல் கவர்னர் பிளையைச் சிறைவைத்த ராணுவத்தாரின் ஆட்சி அது. 1810-ல் பதவியேற்ற புதிய கவர்னர் மக்வாரி (1799-ல் ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையில் இருந்தவர்) அந்த ஆட்சியின் நியமனங்களை ரத்து செய்தாலும் நிக்கல்ஸை மட்டும் தபாலில் வைத்துக்கொண்டார். துறைமுகத்தருகே வீடு, கையில் சொத்து. ஒரு கடிதத்துக்காகப் பெயரைக் கெடுத்துக்கொள்ள மாட்டார் என்ற கணக்காக இருக்கலாம்.

தபால் நிலையம் என்று தனிக் கட்டடம் கிடையாது. ஜார்ஜ் தெருவில் இருந்த நிக்கல்ஸின் வீடுதான் ஆஸ்திரேலியாவின் முதல் தபால் நிலையம். கடிதம் வந்தவர்களின் பெயர்கள் 'சிட்னி கெஜட்' பத்திரிகையில் வெளியாகும். பார்த்துவிட்டு அவரவர் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். கடிதத்துக்கு ஒரு ஷில்லிங். பார்சலுக்கு இரண்டரை ஷில்லிங், 20 பவுண்டுக்கு மேல் கனத்தால் ஐந்து. பணத்தைக் கட்டுபவர் பெறுபவர்தான். படிக்கத் தெரியாதவர்கள் தங்கள் பெயர் வந்திருக்கிறதா என்று யாரிடமாவது கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நிக்கல்ஸ் 1819-ல் இறக்கும்வரை அந்த வேலையில் இருந்தார். வீட்டுக்கே தபால் கொண்டுவந்து தரும் தபால்காரரைப் பார்க்க சிட்னி 1828 வரை காத்திருந்தது. பாரமட்டா, வின்ட்சர் போன்ற வெளியூர்களில் தபால் நிலையம் வந்ததும் அந்த ஆண்டில்தான்.