உங்களுக்குத் தெரியுமா?

தமிழ்ப் பிள்ளைகள் தலைமுறைகளாகக் கொண்டாடும் 'இரும்புக்கை மாயாவி' இங்கிலாந்துக்காரர்! 1962இல் 'வேலியண்ட்' என்ற வார இதழில் அறிமுகமானார். வரைந்தவரோ ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ.

• உடம்பில் மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மாயமாகிவிடுவார். இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் மிதந்துவந்து எதிரியின் கழுத்தைப் பிடிக்கும். அந்தப் படங்களை ஒருமுறையாவது பார்த்துவிடுங்கள்!

• 1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியதே இவர் கதையோடுதான்.

• சித்திரக்கதைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு என் முதல் சிபாரிசு, லயன் காமிக்ஸின் டெக்ஸ் வில்லர். 1948இல் இத்தாலியில் பிறந்த இந்தக் கௌபாய், நவஹோ பழங்குடியினருக்குத் தலைவரும்கூட.