அரிசிமணிகள் காட்டும் வண்ண வித்தை

தீபாவளி நெருங்கினால் கிள்ளான் பள்ளத்தாக்கின் பேரங்காடிகளில் பெரிய வண்ண அரிசிக் கோலங்களைப் பார்த்திருப்பீர்கள். பிரிக்பீல்ட்ஸிலும், கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் கடைவாசல்களில் சிறிய கோலங்கள் இருக்கும். அருகில் சென்று உற்று நோக்குங்கள். அந்த வட்டங்களும் வளைவுகளும் ஆயிரக்கணக்கான புள்ளிகளால் ஆனவை. ஒவ்வோர் அரிசிமணியும் ஒரு புள்ளி!

கோலம் போடுபவர் அரிசியில் சாயம் கலந்து உலர்த்துகிறார். தரையில் வெண்கட்டியால் வடிவத்தை வரைகிறார். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நிரப்பினால், முடித்த பகுதியில் கை படாது. ஒரு நிறம் மெல்ல மற்றொன்றாக மாறவேண்டிய இடத்தில் இரு நிற மணிகளையும் கலந்து தூவலாம்.

இங்கேதான் ஒரு கேள்வி. பச்சை அரிசி தீர்ந்துவிட்டது. மஞ்சள் அரிசியையும் நீல அரிசியையும் கலந்தால் பச்சை கிடைக்குமா?

முதலில், மணிகள் எப்போது ஒன்றாகத் தெரியும் என்று பார்ப்போம். ஒரு பாகையின் 60இல் ஒரு பங்குக்கும் குறைவான இடைவெளியை நம் கண்ணால் பிரித்தறிவது கடினம். அரிசியின் அகலம் சுமார் 2 மில்லிமீட்டர். கணக்கிட்டால், ஏறக்குறைய 7 மீட்டர் தொலைவில் மணிகள் தனித்தனியே தெரியாமல் ஒரே நிறப்பரப்பாகும். பேரங்காடியின் மேல்மாடியிலிருந்து கோலம் வழுவழுப்பாகத் தெரிவது இதனால்தான்.

இப்போது நிறத்துக்கு வருவோம். மஞ்சள் சாயம் நீல ஒளியை உறிஞ்சுகிறது. நீலச் சாயம் சிவப்பு ஒளியை உறிஞ்சுகிறது. இரு சாயங்களையும் ஒரே கிண்ணத்தில் கலந்தால் இரண்டிடமும் தப்பி வருவது பச்சை ஒளி. ஆனால், அரிசிமணிகளில் சாயங்கள் கலப்பதில்லை. மஞ்சள் மணி சிவப்பு, பச்சை ஒளிகளை அனுப்புகிறது; பக்கத்து நீலமணி நீல ஒளியை அனுப்புகிறது. மூன்றும் கண்ணில் சேரும்போது எந்த நிறமும் ஓங்கி நிற்காது. அடர்நீலமும் மஞ்சளும் சம அளவில் இருந்தால் தூரத்தில் மங்கிய சாம்பல் சாயல்தான் தெரியும்!

சிவப்பையும் மஞ்சளையும் கலந்தால் ஏமாற்றம் இல்லை. சிவப்பு ஒளி மிகுந்தும் பச்சை ஒளி குறைந்தும் வருவதால் ஆரஞ்சு நிறம் கிடைக்கும்.

பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் சூரா இந்த ஒளிக்கலப்பை நம்பியே 1884 முதல் 1886 வரை உழைத்து, ஏறக்குறைய 2 மீட்டர் உயரமும் 3 மீட்டர் அகலமும் கொண்ட ஓவியத்தைச் சின்னஞ்சிறு வண்ணத் தீற்றல்களால் உருவாக்கினார். அது இன்று சிகாகோ கலைக்கூடத்தில் உள்ளது. உங்கள் கையிலுள்ள நாளிதழின் வண்ணப் படத்தையும் உருப்பெருக்கியில் பாருங்கள், அதுவும் புள்ளிகளே. அங்கே மைப்புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் இரு வகைக் கலப்புகளும் நடக்கின்றன.

மாணவர்களே, பள்ளிக் கோலப் போட்டிக்கு முன் ஒரு கைப்பிடி அரிசியைக் கலந்து தட்டில் பரப்புங்கள். 7 மீட்டர் தள்ளி நின்று பார்த்துவிட்டு, அதன் பிறகு தரையில் தூவுங்கள். பச்சை வேண்டுமென்றால் அரிசிக்குப் பச்சைச் சாயமே ஏற்றுங்கள்!